எஞ்சின் கணினியும் மாற்றியமைத்த புகைக்குழாயும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் மலையேற்றம் தொடங்கும் இடம் கல்லாறு. ஊரின் பெயர் அங்கு ஓடும் ஆற்றின் பெயரே. இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடியை அடையலாம். விடுமுறை நாட்களில் இச்சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மிகுதியாகச் செல்கின்றன. இவ்வாறு மலைச் சாலைகளை நாடிச் செல்லும் வண்டிகளுள் சில, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட புகைக்குழாயையும் சைலன்சரையும் நீக்கிவிட்டு, கடைகளில் தனியே வாங்கிய குழாய்களைப் பொருத்திக் கொண்டவை. கூடுதல் வேகம், கம்பீரமான ஓசை, குறைந்த எடை ஆகியவை இம்மாற்றத்துக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன.

இத்தகைய மாற்றத்தால் எஞ்சினுக்கோ சுற்றுப்புறத்துக்கோ தீங்கு நேருமா என்று கேட்டால், பல உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் கூறும் விடை ஒன்றுதான்: 'இக்கால வண்டிகளில் கணினி இருக்கிறது, அது தானே சரிசெய்து கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியாதவரை கவலை இல்லை.' இவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு. எஞ்சின் கணினி மாறிய நிலைமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கொள்ளும் ஆற்றல் உடையதே. ஆனால் அது எதைத் திருத்துகிறது, எந்த அளவு வரை திருத்துகிறது, அத்திருத்தத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பவை ஆராயத்தக்கவை.

கார்புரேட்டரிலிருந்து கணினிக்கு

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து எரிய வேண்டும். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று இதற்குக் குறைந்தால் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடும் பெருகும். காற்று சற்று மிகுந்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆயினும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பெருகும். மிகவும் மிகுந்தால் எஞ்சின் சீராக ஓடாது. பொறியியலார் இவ்விகிதத்தை 'லாம்டா' என்ற அளவால் குறிப்பிடுவர். சரியான விகிதத்தில் லாம்டா ஒன்று. எரிபொருள் மிகுந்தால் ஒன்றுக்குக் கீழ். காற்று மிகுந்தால் ஒன்றுக்கு மேல்.

1983 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 கார் உட்பட, அக்காலத்து இந்தியக் கார்கள் கார்புரேட்டர் வழியாகவே இக்கலவையைப் பெற்றன. கார்புரேட்டர் தான் அளித்த கலவையின் விளைவை அறியாது. மலை மீது ஏறும்போது காற்றின் அழுத்தம் குறையும். 1,100 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு. காற்று மெலிந்தாலும் கார்புரேட்டர் அதற்கேற்ப எரிபொருளைக் குறைப்பதில்லை. எனவே வண்டி கரும்புகை விட்டுத் திணறும்.

இக்குறையை நீக்கிய கண்டுபிடிப்பு ஆக்ஸிஜன் உணர்கருவியாகும். ஜெர்மனியைச் சேர்ந்த பாஷ் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி, 1976 ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. புகைக்குழாயில் பொருத்தப்படும் இது, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்ஸிஜனை அளந்து கணினிக்குத் தெரிவிக்கிறது. கணினி அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. செயலின் விளைவை அளந்து அடுத்த செயலைத் திருத்தும் இம்முறைக்குப் 'பின்னூட்டக் கட்டுப்பாடு' என்று பெயர்.

இக்கட்டுப்பாடு மற்றொரு சாதனத்துக்காகவும் தேவைப்பட்டது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட வினையூக்கி மாற்றி, கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தீங்கற்ற வாயுக்களாக மாற்ற வல்லது. ஆனால் லாம்டா ஒன்றை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் கலவை இருந்தால்தான் மூன்றும் ஒருங்கே மாறும். நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இம்மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் மாற்றியைப் பாழாக்கும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் அவ்வாண்டே அந்நகரங்களில் அறிமுகமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 தரமும், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 தரமும் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தன.

இரு வகைத் திருத்தங்கள்

கணினி எரிபொருளை நிர்ணயிக்கும் முறை, அரசு அலுவலகங்களில் வரவு செலவுத் திட்டம் தயாரிக்கப்படும் முறையை ஒத்தது எனலாம். முதலில் ஒரு மதிப்பீடு உண்டு. எஞ்சினின் சுழற்சி வேகம், உள்ளே செல்லும் காற்றின் அளவு ஆகியவற்றைக் கொண்டு எவ்வளவு எரிபொருள் தேவை என்ற அட்டவணை கணினியின் நினைவகத்தில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டுள்ளது. இவ்வட்டவணை ஒரு குறிப்பிட்ட புகைக்குழாயை வைத்துப் பல மாதங்கள் சோதித்து வகுக்கப்பட்டதாகும்.

வண்டி ஓடத் தொடங்கி உணர்கருவி ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய பின், அது செய்தி அனுப்பத் தொடங்குகிறது. பழைய வகைக் கருவியின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். 0.45 வோல்ட்டுக்கு மேல் எனில் எரிபொருள் மிகுதி. கீழ் எனில் காற்று மிகுதி. இச்செய்தியைக் கேட்டு நொடிக்கு நொடி செய்யப்படுவது குறுகிய காலத் திருத்தம். ஒரே திசையில் திருத்தம் தொடர்ந்து தேவைப்பட்டால், கணினி அதைப் பழக்கமாகக் கொண்டு நீண்ட காலத் திருத்தமாகப் பதிந்து கொள்கிறது. வண்டியை நிறுத்தி மறுநாள் இயக்கினாலும் இப்பதிவு அழியாது. ஆண்டு நடுவில் கோரப்படும் துணை மானியம் முதலாவதற்கும், திருத்திய மதிப்பீடு இரண்டாவதற்கும் ஒப்பாகும்.

பாட்டரி இணைப்பைத் துண்டித்தால் பல வண்டிகளில் இப்பதிவு அழிந்துவிடும். கணினி மீண்டும் தொடக்க மதிப்பீட்டிலிருந்து கற்கத் தொடங்கும். புதிய குழாயைப் பொருத்தியவுடன் பட்டறைகளில் பாட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டுவதற்குக் காரணம் இதுவே. அதனால் அடிப்படை அட்டவணை மாறுவதில்லை. பழைய திருத்தம் அழிகிறது, அவ்வளவே.

மாற்றங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல

புகைக்குழாய் மாற்றம் என்று பொதுவாகக் கூறப்பட்டாலும், குழாயின் எப்பகுதி மாற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே கணினியின் எதிர்வினை அமையும்.

முதலாவது, வினையூக்கி மாற்றிக்குப் பின்னுள்ள சைலன்சரை மட்டும் மாற்றுவது. உணர்கருவிகள் யாவும் இதற்கு முன்பே அமைந்திருப்பதால் கணினிக்கு இம்மாற்றம் பெரும்பாலும் தெரிவதில்லை. புகையின் எதிரழுத்தம் சிறிது குறையலாம். அது தேவைப்படுத்தும் திருத்தம் மிகச் சிறியது. இங்கு எழும் கேடு ஒலிக்கேடே. 2005 ஏப்ரல் முதல் நம் நாட்டில் தயாராகும் பயணிகள் கார்களுக்கு, ஓட்டச் சோதனையில் 74 டெசிபல் என்ற ஒலி வரம்பு விதிக்கப்பட்டது. ஒலியை அளக்கும் கருவி எதுவும் எஞ்சின் கணினியோடு இணைக்கப்படவில்லை. ஆகவே காட்டையும் ஊரையும் அதிரச் செய்யும் சைலன்சரைக் கணினி ஒருபோதும் சுட்டிக் காட்டாது.

இரண்டாவது, எஞ்சினோடு இணையும் மேனிஃபோல்டு என்னும் முதற் குழாய்த் தொகுதியை மாற்றுவது. சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும்போது குழாயில் அழுத்த அலைகள் எழுகின்றன. குழாயின் நீளமும் விட்டமும் பொருத்தமாக இருந்தால், திரும்பி வரும் அலை அடுத்த புகையை இழுத்து வெளியேற்ற உதவும். சிலிண்டருள் புதுக்காற்று கூடுதலாக நுழையும். ஆனால் இவ்வுதவி ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் கிடைக்கும். வேறு வேகத்தில் அதே குழாய் தடையாக மாறலாம். கூடுதல் காற்றைக் கணினி அறியும் விதமும் வண்டிக்கு வண்டி வேறுபடும். நுழையும் காற்றின் நிறையை நேரடியாக அளக்கும் கருவி உள்ள வண்டிகளில் மாற்றம் உடனே அறியப்படும். பல சிறு கார்களில் உட்குழாயின் அழுத்தம் மட்டும் அளக்கப்பட்டு, அதிலிருந்து காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. அக்கணக்கு பழைய குழாய்க்கு உரியது. எனவே பிழை நேரும். ஆக்ஸிஜன் உணர்கருவி அறிவித்த பின்னரே அது திருத்தப்படும்.

மூன்றாவது, மாற்றத்தின்போது ஏற்படும் கசிவு. தரமற்ற பற்றவைப்பு, பொருந்தாத இணைப்பு ஆகியவற்றால் உணர்கருவிக்கு முன்னால் சிறு துளை ஏற்படலாம். புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுவதால், இரு துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். குறைந்த வேகத்தில் இது மிகுதி. அக்காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கண்ட உணர்கருவி, எஞ்சினில் எரிபொருள் போதவில்லை என்று தவறாக அறிவிக்கிறது. உண்மையில் கலவை சரியாகவே இருந்தும், கணினி எரிபொருளைக் கூட்டுகிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணினி 10 சதவீதம் எரிபொருளைக் கூட்டுவதாகக் கொள்வோம். சிலிண்டருக்குள் கலவை விகிதம் 14.7 இலிருந்து ஏறத்தாழ 13.4 ஆகக் குறையும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் அதற்கு 667 லிட்டர் பெட்ரோல் தேவை. ஓட்டம் முழுவதும் இத்திருத்தம் நீடித்தால் ஆண்டுக்குக் கூடுதலாக 67 லிட்டர் செலவாகும். மிகுதியான கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும், கசிவின் வழி நுழைந்த ஆக்ஸிஜனோடு வினையூக்கி மாற்றியில் எரியக்கூடும். அப்போது மாற்றி அளவுக்கு மீறிச் சூடேறி விரைவில் நலிவடையும். மாற்றியும் நீக்கப்பட்டிருந்தால் அந்நச்சு வாயுக்கள் அப்படியே வெளியேறும்.

கணினி இங்கு தன் கடமையைப் பிழையின்றிச் செய்தது என்பது கவனிக்கத்தக்கது. தவறு அதற்கு அளிக்கப்பட்ட தகவலில் உள்ளது. கணினி எஞ்சினுக்குள் நடப்பதை நேரில் காண்பதில்லை. கருவி சொல்வதையே காண்கிறது. தவறான புள்ளிவிவரத்தின் அடிப்படையில் தீட்டப்பட்ட திட்டம் எவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றப்பட்டாலும் பயன் தராது என்பதைத் திட்டப் பணியில் ஈடுபட்டோர் நன்கு அறிவர்.

மலையேற்றத்தில் நேர்வது

சமவெளியில் சீரான வேகத்தில் ஓடும்போது பின்னூட்டம் இடைவிடாது இயங்கும். ஆனால் கல்லாற்றுக்கு மேலுள்ள வளைவுகளில் முழுச் சுமையோடு ஏறும் காரின் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை முழுமையாக அழுத்துகிறார். அந்நிலையில் பல கார்களின் கணினி உணர்கருவியின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடும். அதிக ஆற்றலுக்காகவும், கூடுதல் பெட்ரோலால் எஞ்சினைக் குளிர்விப்பதற்காகவும், அட்டவணைப்படி சற்று மிகையான எரிபொருளைச் செலுத்தும். முன்பு கற்ற நீண்ட காலத் திருத்தத்தை மட்டும் அதனோடு சேர்த்துக் கொள்ளும்.

இங்குதான் இருவிதப் பிழைகள் வெளிப்படுகின்றன. கசிவுள்ள குழாயின் காரணமாகக் குறைந்த வேகத்தில் தவறாகக் கற்ற திருத்தம், கசிவின் விளைவு குறைந்த முழுச் சுமை நிலைக்கும் கொண்டு செல்லப்படுகிறது. ஏற்கெனவே மிகையான எரிபொருள் மேலும் மிகையாகிறது. இதற்கு மாறாக, காற்றை அழுத்தத்தால் கணக்கிடும் காரில் தடையற்ற குழாய் பொருத்தப்பட்டிருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே செல்கிறது, கலவை நலிவடைகிறது, எரியும் வெப்பம் உயர்கிறது. வெப்பம் மிகுந்தால் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து 'நாக்கிங்' என்னும் தட்டல் ஏற்படும். தட்டலைக் கேட்கும் உணர்கருவி இருப்பின், கணினி தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கும். அத்தாமதத்தால் ஆற்றல் குறையும். கூடுதல் ஆற்றலுக்காகச் செலவிட்ட பணம் மலையேற்றத்தில் ஆற்றல் இழப்பாக முடிவதும் உண்டு.

திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு

நீண்ட காலத் திருத்தம் வரம்பற்றது அன்று. பெரும்பாலான கார்களில் அது கூட்டலிலோ கழித்தலிலோ ஏறத்தாழ 25 சதவீதத்தை எட்டினால் கணினி தோல்வியை ஒப்புக்கொண்டு எச்சரிக்கை விளக்கை ஏற்றும். எரிபொருள் போதாமைக்கு பி-0171, மிகுதிக்கு பி-0172 என்னும் குறியீடுகள் பதிவாகும். அவ்வெல்லைக்குச் சற்று உள்ளே திருத்தம் நின்றுவிட்டால் விளக்கு எரியாது. 15 அல்லது 18 சதவீதப் பிழையோடு வண்டி பல ஆண்டுகள் ஓடலாம். எனவே விளக்கு எரியாமை குறையின்மைக்குச் சான்றாகாது.

மேலும், இந்த 25 சதவீதம் உரிமையாளரின் விருப்பத்துக்காக விடப்பட்ட உபரி அன்று. அது நியாயமான மாறுதல்களுக்கான இருப்பு நிதி. எரிபொருள் தெளிப்பான்கள் நாளடைவில் அடைபடும், பம்பின் அழுத்தம் குறையும், உணர்கருவிகள் மூப்படையும். எரிபொருளின் தன்மையும் மாறி வருகிறது. 2018 ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 20 சதவீத எத்தனால் கலப்புக்கு 2030 ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டிருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை 2025-26 ஆம் ஆண்டுக்கு முன்கொணர்ந்தது. எத்தனாலில் ஆக்ஸிஜன் அடங்கியிருப்பதால், 20 சதவீதக் கலப்புள்ள பெட்ரோலுக்குத் தேவையான காற்று விகிதம் 14.7 இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆகக் குறைகிறது. அதாவது, அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் செலுத்தப்பட வேண்டும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு வகுக்கப்பட்ட அட்டவணையுள்ள பழைய கார், இம்மாறுதலையும் அதே இருப்பிலிருந்தே ஈடுகட்டுகிறது. புகைக்குழாய் மாற்றத்தால் இருப்பின் பாதி முன்கூட்டியே செலவாகியிருந்தால், பின்வரும் சிறு குறையும் வண்டியை வழியில் நிறுத்தக்கூடும்.

வினையூக்கி மாற்றியை நீக்கினால்

மாற்றங்கள் அனைத்திலும் கடுமையானது வினையூக்கி மாற்றியை அகற்றி, அவ்விடத்தில் வெறுங்குழாயைப் பொருத்துவதாகும். சூடேறிய நிலையிலுள்ள நல்ல மாற்றி, நச்சு வாயுக்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டதை மாற்றிவிடும். எனவே அதை நீக்கிய ஒரு கார், நீக்காத பத்துக் கார்கள் வெளியிடும் அளவுக்கு மேலான நச்சு வாயுக்களை வெளியிடும் என்று கணக்கிடலாம்.

இதைக் கண்டறியவே மாற்றிக்குப் பின்னால் இரண்டாவது ஆக்ஸிஜன் உணர்கருவி வைக்கப்பட்டுள்ளது. நல்ல மாற்றி ஆக்ஸிஜனைச் சேமித்து வெளியிடுவதால் பின் கருவியின் மின்னழுத்தம் ஏறத்தாழ நிலையாக இருக்கும். மாற்றி இல்லையெனில் முன் கருவியைப் போலவே அதுவும் ஊசலாடும். கணினி இரண்டையும் ஒப்பிட்டு பி-0420 என்ற குறியீட்டைப் பதிந்து விளக்கை ஏற்றும். இவ்வாறு வண்டியிலேயே அமைந்த குறை கண்டறியும் அமைப்பு, பி.எஸ். 4 தரத்தோடு 2010 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் கார்களில் படிப்படியாக இடம்பெற்றது.

இங்கு கணினி தன்னைத் தகவமைத்துக் கொள்வதில்லை என்பது முக்கியம். இழந்த மாற்றியின் பணியை எரிபொருள் திருத்தத்தால் ஈடுசெய்ய இயலாது. எனவேதான் சில பட்டறைகளில் பின் கருவியைப் புகையிலிருந்து விலக்கி வைக்கும் இடைக்குழாயைப் பொருத்துகின்றனர். அல்லது கணினியின் நிரலில் அச்சோதனையையே நீக்கிவிடுகின்றனர். விளக்கு அணைகிறது. நச்சுப் புகை அணைவதில்லை. டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டியை நீக்குவோரும் இதே வழியைக் கையாளுகின்றனர்.

சட்டமும் சோதனையும்

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் நிர்ணயித்த மூல அமைப்புக்கு மாறான மாற்றங்கள் அனுமதிக்கத்தக்கவை அல்ல என்று தெளிவுபடுத்தியது. அவ்வாண்டு நிறைவேறிய திருத்தச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்க வகை செய்தது. ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறி வண்டியை ஓட்டுவதற்கு 190-ஆவது பிரிவின் கீழ் முதற் குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சட்டம் தெளிவாயினும் கண்டுபிடிப்பது எளிதன்று. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனை, நின்ற நிலையில் நடத்தப்படுகிறது. பி.எஸ். 4 தரப் பெட்ரோல் காருக்கு, சும்மா ஓடும் நிலையில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்கும் மிகக் கூடாது. உயர் சுழற்சியில் லாம்டா 0.97 க்கும் 1.03 க்கும் இடையில் இருக்க வேண்டும். மாற்றி நீக்கப்பட்ட காரை, முறையாக நடத்தப்படும் இச்சோதனை பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் நைட்ரஜன் ஆக்ஸைடு இதில் அளக்கப்படுவதில்லை. மலையேற்றச் சுமையும் இதில் இல்லை. கணினி லாம்டாவை ஒன்றில் நிறுத்தவே பாடுபடுவதால், கசிவால் எரிபொருளை வீணாக்கும் கார்கூட லாம்டா சோதனையில் தேறிவிடலாம்.

செய்யத்தக்கவை

இக்குறையை நீக்கும் வழி வண்டிக்குள்ளேயே உள்ளது. ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலுள்ள இணைப்பில் எளிய கருவி ஒன்றைப் பொருத்தினால், நீண்ட காலத் திருத்தம் எத்தனை சதவீதம் என்பதை ஒரு நிமிடத்தில் படிக்கலாம். நல்ல நிலையிலுள்ள காரில் அது பொதுவாக 5 சதவீதத்துக்கு உட்பட்டும், அதிகமாகப் போனால் 10 சதவீதத்துக்கு உட்பட்டும் இருக்கும். அதற்கு மேல் எனில் விளக்கு எரியாவிட்டாலும் காரணம் தேடப்பட வேண்டும். சோதனைக்குச் சற்று முன் நினைவகம் அழிக்கப்பட்டதா என்பதையும் அதே கருவி காட்டும். தகுதிச் சோதனையிலும் மாசுச் சோதனையிலும் இவ்விரு விவரங்களைச் சேர்ப்பது அதிகச் செலவில்லாத சீர்திருத்தமாக அமையும்.

உரிமையாளர்களும் சிலவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம். பழுதான சைலன்சருக்குப் பதிலாக அங்கீகரிக்கப்பட்ட தரத்தில் உள்ளதையே வாங்க வேண்டும். புகைக்குழாயில் எவ்வேலை நடந்தாலும், உணர்கருவிக்கு முன்னுள்ள இணைப்புகளில் கசிவு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வேலைக்கு முன்னும், ஒரு வார ஓட்டத்துக்குப் பின்னும் திருத்த அளவைக் குறித்து ஒப்பிட்டால் மாற்றத்தின் உண்மை விளைவு தெரியும். பூனாவிலுள்ள ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சிச் சங்கம், சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்றவை வாகனங்களையும் உறுப்புகளையும் சோதித்துச் சான்றளிக்கின்றன. பட்டறைத் தொழிலாளர்க்கு இவ்விஷயங்களில் பயிற்சி அளிப்பது தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் இடம்பெறத்தக்கது.

பொருளாதார நோக்கில் பார்த்தால், புகைக்குழாய் மாற்றத்தின் இன்பம் ஒருவருக்கு உரியது. அதன் செலவோ பலர் மீது விழுகிறது. பி.எஸ். 6 தரத்துக்காக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் பெட்ரோல், டீசலிலுள்ள கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப் பெரும் முதலீடு செய்தன. புதிய வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் மாற்றிக்கும் உணர்கருவிகளுக்கும் விலை கொடுத்துள்ளனர். சமூகம் முழுவதும் செலுத்திய இவ்விலையின் பயனை, வெறுங்குழாய் ஒன்று சில மணி நேரப் பட்டறை வேலையில் அழித்துவிடுகிறது. கல்லாற்றின் கரையில் வாழ்வோரும், அம்மலைக் காட்டின் உயிரினங்களும் அவ்வோசையையும் புகையையும் விலைக்கு வாங்கியவர்கள் அல்லர்.

எஞ்சின் கணினியின் தகவமைப்பு ஆற்றல், வண்டி மூப்படைதல், எரிபொருள் மாறுதல், மலையும் சமவெளியும் மாறி வருதல் ஆகிய தவிர்க்க இயலாத நிலைமைகளைச் சமாளிப்பதற்காக உருவாக்கப்பட்டதாகும். கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் கார், மெலிந்த காற்றுக்கேற்பத் தன் எரிபொருளைத் தானே குறைத்துக் கொண்டு, புகை கக்காமல் மேலே செல்வது அவ்வாற்றலின் சிறந்த பயன். மனிதர் விரும்பிச் செய்யும் மாற்றத்துக்குக் கணினி பொறுப்பேற்காது. அப்பொறுப்பு உரிமையாளரையும், பட்டறைக்காரரையும், சோதிக்கும் அதிகாரியையுமே சாரும்.